செவிலியர் வேலையில் மனம் நிலைக்க: குமரி மாவட்டத்துச் சிஸ்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 27 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். அதில் இரண்டு வருடம் ஓமனில், மீதி எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். பத்துக் கட்டில் நர்சிங் ஹோமிலும் இருந்திருக்கிறேன், பெரிய ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்கிறேன். கடைசி 12 வருடம் வார்டு இன்சார்ஜ். இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மாணவிகள், என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள், சில ஆஸ்பத்திரி நிர்வாகிகள், பெற்றோர்கள் என்று பலரும், ஆஸ்பத்திரி நர்ஸுக்குத் தரும் ஆதரவு பற்றியும் அதனால் வேலையில் வரும் ஈடுபாடு பற்றியும் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

வேலையிடத்து ஆதரவு என்று பெரிதாகப் பேசுகிறீர்கள். செவிலியர் தினமான மே 12 அன்று கேக் வெட்டி, ரோஜாப்பூ கொடுக்கிறார்களே, அது ஆதரவு இல்லையா?

கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அடுத்த நாள் மே 13. அன்றைக்கு உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இன்சார்ஜுக்கு போன் செய்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "எத்தனை டிகிரி இருக்கு?" என்பதா, "இதே வேலையாப் போச்சு" என்பதா? உங்கள் மனதில் பதிவது அந்த வார்த்தைதான். முந்தின நாள் கேக் அதற்குள் மறந்துபோயிருக்கும்.

1986-ல் ராபர்ட் ஐசன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். என் உழைப்பை இந்த இடம் மதிக்கிறதா, என் நலனில் இதற்கு அக்கறை இருக்கிறதா என்று இரண்டு கேள்விகள். இவற்றுக்கு ஊழியரின் மனம் தனக்குள் சொல்லிக்கொள்ளும் பதிலைத்தான் அவர்கள் நிறுவன ஆதரவு என்று அளந்தார்கள். அந்தப் பதில் ஒரே நாளில் உருவாவதில்லை. லீவு கேட்ட நாள், சம்பளம் தாமதமான நாள், நைட் முடிந்தும் ஆள் வராமல் காத்திருந்த நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நர்ஸுக்கு 'நிர்வாகம்' என்றால் மேல் மாடியில் இருக்கும் எம்.டி. இல்லை, வார்டு இன்சார்ஜின் முகம்தான்.

வேலைத் திருப்தியும் ஈடுபாடும் ஒன்றுதானே?

இல்லை. திருப்தி என்பது "இந்த வேலை எனக்குப் பரவாயில்லை" என்ற நிறைவு. ஈடுபாடு என்பது வேலைக்குள் நீங்கள் கொண்டுபோகும் உயிர். சம்பளம் சரியாக வருகிறது, வீட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி, ஞாயிறு ஆஃப். இப்படித் திருப்தியாக இருக்கும் ஒருவர் பேஷண்டின் முகத்தையே பார்க்காமல் மாத்திரை வைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், சம்பளம் போதவில்லை என்று தினமும் புலம்பிக்கொண்டே, ஆபரேஷன் முடிந்த பாட்டியின் கால் குளிர்ந்திருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவரையும் பார்த்திருக்கிறேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வில்மார் ஷௌஃபெலியும் அர்னால்ட் பேக்கரும் உருவாக்கிய 17 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அது ஈடுபாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: உடம்பிலும் மனதிலும் தெம்பு, செய்யும் வேலையில் அர்த்தமும் பெருமையும், நேரம் போவது தெரியாத ஒன்றிப்பு. இந்த மூன்றாவது எல்லா நர்ஸுக்கும் தெரிந்ததுதான். சீரியஸ் கேஸ் ஒன்று தேறி வரும்போது ஷிப்ட் முடிந்ததே தெரியாமல் நின்றிருப்போம்.

சரி, ஆதரவு எப்படி ஈடுபாடாக மாறுகிறது? அறிவியல் ரீதியாகச் சொல்ல முடியுமா?

முடியும். 2001-ல் எவாஞ்செலியா டெமெரூட்டியும் சகாக்களும் ஒரு கருத்தை வைத்தார்கள். எந்த வேலையிலும் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, வேலை நம்மிடம் கேட்பது: ஆட்களைத் தூக்குவது, ராத்திரி விழிப்பு, சாவைப் பக்கத்தில் பார்ப்பது, திட்டு வாங்குவது. இன்னொன்று, வேலை நமக்குத் தருவது: போதுமான ஆள், வேலை செய்யும் கருவி, கூட நிற்கும் சகா, நல்ல மேலாள், நாமே முடிவெடுக்கக் கொஞ்சம் இடம், செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை.

இதில் முக்கியமான விஷயம், இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன என்பது. கேட்பது அதிகமானால் சோர்வு வருகிறது. தருவது குறைந்தால் மனம் விலகுகிறது. சோர்ந்துபோனவர் ஓய்வெடுத்தால் ஓரளவு தேறுவார். மனம் விலகியவர் பத்து நாள் லீவில் போய்விட்டு வந்தாலும் விலகியே இருப்பார். பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: கேட்பது ரொம்ப அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் தருவதன் மதிப்பு கூடுகிறது. நம் வேலையில் இது கண்ணுக்கு முன்னால் நடக்கும். டெங்குக் காய்ச்சல் சமயத்தில் வார்டு நிரம்பி, வராந்தாவில் கட்டில் போட்டிருப்போம். அந்த நேரம் இன்சார்ஜ் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ட்ரிப் மாட்ட வந்து நின்றால், அன்றைய பாரம் அதேதான், ஆனால் யாருக்கும் முகம் வாடாது. "மக்களே, நீ போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வா, நான் நிக்கேன்" என்று எனக்கு ஒரு மூத்த சிஸ்டர் சொன்னது 1998-ல். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

எங்கள் வார்டில் இரவில் 30 பேஷண்டுக்கு இரண்டு பேர். இதில் ஆதரவு பற்றிப் பேசி என்ன பயன்?

நியாயமான கோபம். ஆள் போடாமல் ஆதரவு பற்றிப் பேசுவது பசித்தவனிடம் சமையல் குறிப்பு படிப்பது போலத்தான். முதல் ஆதரவு ஆள்தான்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் வார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிண்டா ஐக்கன் என்ற செவிலியர் ஆய்வாளர் 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்துப் பார்த்தார். ஒரு நர்ஸின் பொறுப்பில் இன்னும் ஒரு அறுவை சிகிச்சைப் பேஷண்ட் கூடும்போது, 30 நாளுக்குள் பேஷண்ட் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ் மனதளவில் எரிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி 15 சதவீதமும் கூடின.

நிர்வாகிகளிடம் பேசும்போது நான் இந்த எண்களைத்தான் முதலில் வைப்பேன். நர்ஸுகள் கஷ்டப்படுகிறார்கள் என்றால் "எல்லா வேலையும் கஷ்டம்தான்" என்பார்கள். பேஷண்ட் உயிர் என்று சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சம்பளம் உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடாதா?

எல்லாம் சரியாகாது. ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு மற்றதைப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நர்சிங் படிக்க வைக்க வாங்கிய கடன் அடைந்தபாடில்லை, முழு நைட் பார்த்துவிட்டு வரும் பெண்ணின் கையில் பஸ் பாஸும் ஹாஸ்டல் பணமும் போக ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அவளிடம் ஈடுபாட்டைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, அதுவும் 50 கட்டிலுக்குக் குறைவான இடத்தில், என்றது அந்தக் குழு. 200 கட்டிலுக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் என்றது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடி, 2018 ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். மார்த்தாண்டத்தில் இருந்து பஸ் ஏறி எல்லை தாண்டி வேலைக்குப் போகிற பிள்ளைகளை யார் குறை சொல்ல முடியும்?

அரசு வேலையிலும் இந்தக் கதை இருந்தது. 2015-ல் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

சம்பளம் நியாயமாக இருந்தால் அதிருப்தி குறையும். அதற்கு மேல் ஈடுபாடு வர மற்ற விஷயங்கள் வேண்டும். ஓமனில் எனக்கு ஊரைவிட ஆறு மடங்கு சம்பளம். ஆனால் அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர்.

வார்டு இன்சார்ஜ் கையில் பணமும் இல்லை, ஆள் எடுக்கும் அதிகாரமும் இல்லை. அவர் என்னதான் செய்ய முடியும்?

நிறைய. டூட்டி லிஸ்ட் அவர் கையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய அதிகாரம் வார்டில் கிடையாது என்பேன்.

சனிக்கிழமை சாயந்திரம் லிஸ்ட் ஒட்டி, திங்கட்கிழமை நைட் என்று சொல்லும் இன்சார்ஜும் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுகிறவரும் உண்டு. இரண்டாமவரின் வார்டில் கேசுவல் லீவு குறைவதை நான் என் கண்ணால் பார்த்தேன். காரணம் எளிது. முன்பே தெரிந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை வரச் சொல்லலாம், தோழியோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் கடைசி நேரத்தில் "வயிற்றுவலி" என்று போன் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

நம் மாவட்டத்தில் திருவிழா லிஸ்ட் தனிக் கணக்கு. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, கிறிஸ்துமஸ், ரம்ஜான், மேற்கே ஓணம். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு நைட் பார்த்தவர் இந்த வருடமும் பார்க்கக் கூடாது. நான் ஒரு பழைய நோட்டில் யார் எந்தத் திருவிழாவுக்கு டூட்டியில் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். சண்டை பாதியாகக் குறைந்தது. இன்சார்ஜுக்கு வேண்டப்பட்டவர்களுக்கு எல்லா ஞாயிறும் ஆஃப் என்ற பேச்சு ஒரு வார்டில் வந்துவிட்டால், அங்கே வேறு எந்த ஆதரவும் எடுபடாது.

அப்புறம் ஹேண்டிங் ஓவர், அதாவது ஷிப்ட் மாறும்போது பேஷண்ட் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டியது நாற்பத்தைந்து நிமிடம் ஆகி, அதற்குச் சம்பளமும் இல்லாமல், கடைசி பஸ்ஸும் போய்விடும். நாகர்கோவிலில் எட்டு மணிக்கு டூட்டி முடிந்து பேச்சிப்பாறைப் பக்கமோ இரயுமன்துறைப் பக்கமோ போக வேண்டிய பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்று, காரில் வீட்டுக்குப் போகும் நிர்வாகிக்குத் தெரியாது. இன்சார்ஜ்தான் சொல்ல வேண்டும்.

நைட் டூட்டிக்காரர்களுக்கு ராத்திரி ஒரு கட்டன்சாயா கிடைக்கிறதா, உட்கார ஒரு நாற்காலி இருக்கிறதா, பெண்கள் போக வெளிச்சமான பாத்ரூம் இருக்கிறதா? இவை சின்ன விஷயங்கள் என்று சொல்பவர்கள் தொடர்ந்து ஏழு நைட் பார்த்திருக்க மாட்டார்கள்.

தவறு நடந்துவிட்டது. சொன்னால் மெமோ வரும் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் பேஷண்டைப் பாருங்கள், பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள். இதில் இரண்டாவது பேச்சு இல்லை. மறைத்த தவறுதான் உயிரை எடுக்கும்.

ஆனால் உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு 23 வயதில், ஒரு ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு மேரிகள் இருந்தார்கள். நம் ஊரில் இது அதிசயம் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மேரியின் ஆன்டிபயாட்டிக் ஊசியை இன்னொரு மேரிக்குப் போட்டுவிட்டேன். போட்டு முடித்து சார்ட்டைத் திருப்பும்போதுதான் தெரிந்தது. அழுதுகொண்டே போய் நானே சொன்னேன். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்தார்கள். சம்பளத்தில் பிடித்தார்கள். "இவளைப் பார்த்து எல்லாரும் கத்துக்கோங்க" என்றார்கள். எல்லோரும் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சொல்லக் கூடாது. அடுத்த ஆறு மாதம் அந்த வார்டில் ஒரு தவறும் பதிவாகவில்லை. தவறு நடக்காமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இரண்டு மேரிகளின் கட்டிலும் அதே பக்கத்துப் பக்கத்து இடத்தில்தான் இருந்தன.

சில வருடம் கழித்து வேறோர் இடத்தில் இதே போன்ற ஒன்றை என்னோடு இருந்த பெண் செய்தாள். அங்கே இன்சார்ஜ் ஓடி வந்தார், பேஷண்டைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், வீட்டாரிடம் தானே போய்ச் சொன்னார். அவளைத் தனியே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்று மதியமே எங்கள் எல்லோரிடமும் கேட்டார்: "இது எப்படி நடக்க முடிஞ்சுது?" ஒரே பெயர் உள்ளவர்களைத் தள்ளித் தள்ளிப் படுக்க வைப்பது, ஊசி போடும் முன் அப்பா பெயரும் ஓ.பி. நம்பரும் கேட்பது என்று இரண்டு மாற்றம் அன்றே வந்தது. அந்தப் பெண் இன்றைக்கு ஒரு ஐ.சி.யு.வை நடத்துகிறாள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சொல்வேன். நல்ல தலைமை உள்ள வார்டில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் பார்க்கப் போனார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல இன்சார்ஜ் உள்ள வார்டுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே நர்ஸுகளுக்குச் சொல்லத் தைரியம் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே, "எங்கள் ஆஸ்பத்திரியில் தவறே நடப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் நிர்வாகியைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

தவறு செய்த நர்ஸும் டாக்டரும் அந்தச் சம்பவத்தின் இரண்டாவது பாதிக்கப்பட்டவர்கள் என்று ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் எழுதினார். தூக்கம் போய், கை நடுங்கி, வேலையையே விட்டுப் போகிறவர்கள் உண்டு. அன்றைக்கு இரவு அவளைத் தனியாக ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள்.

டாக்டர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். பொறுத்துப் போக வேண்டுமா?

வேண்டாம். அந்த நேரத்தில் பதிலுக்குப் பேசாமல், ரவுண்ட்ஸ் முடிந்ததும் இன்சார்ஜோடு சேர்ந்து போய், "என் தப்பைத் தனியாகச் சொல்லுங்க டாக்டர், பேஷண்ட் முன்னால வேண்டாம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். இன்சார்ஜ் கூட வரவில்லை என்றால், பிரச்சினை டாக்டரிடம் மட்டும் இல்லை.

பாலியல் சீண்டல் என்றால் இந்த வழி கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். குழு உறுப்பினர்களின் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பேஷண்டோடு வரும் பைஸ்டாண்டர்கள் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறார்கள். எங்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2008-ல் வந்த மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டப்படி, டூட்டியில் இருக்கும் நர்ஸைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம், மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை. ஆனால் ராத்திரி கேஷுவல்டியில் நிற்கும் பெண்ணுக்குச் சட்டத்தைவிட வாசலில் ஒரு செக்யூரிட்டி முக்கியம். அதற்கடுத்து, புகாரை ஆஸ்பத்திரியே தன் பெயரில் கொடுப்பது முக்கியம். "வீட்டுக்காரங்க கேஸ் வேண்டாம்னு சொல்றாங்க, நீயே சமாதானமாப் போயிடு" என்று நர்ஸிடம் சொல்லும் இடத்தில் அடுத்த மாதமே ராஜினாமாக் கடிதங்கள் வரும்.

வீட்டுப் பிரச்சினையை வேலைக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறார்களே?

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். மரமெல்லாம் ரோட்டில், கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. நைட் முடித்தவர்களுக்கு ரிலீஃப் வரவில்லை. ஜெனரேட்டர் டீசல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வார்டில் தூத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுடைய அண்ணன் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். போன் டவர் இல்லை. அவள் பேஷண்டுக்கு பி.பி. பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போவாள், திரும்பி வந்து அடுத்தவருக்கு பி.பி. பார்ப்பாள். நான் அவளுடைய ஆறு கட்டிலையும் பிரித்து மூன்று பேரிடம் கொடுத்தேன். யாரும் முணுமுணுக்கவில்லை. மதியம் ஒரு வண்டி மேற்கே போகிறது என்று தெரிந்ததும் அவளை ஏற்றி அனுப்பினோம். அண்ணன் ஒன்பது நாள் கழித்துத் திரும்பினார். அந்தக் கரையில் பலருடைய அண்ணன்மார் திரும்பவே இல்லை.

வீட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர மனுஷர்களால் முடியாது. பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்று பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னதும் இந்த உண்மையை ஒப்புக்கொண்டதால்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் காப்பகம் எங்கே இருக்கிறது?

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏன் எல்லாரும் வெளிநாட்டுக்கே போகிறார்கள்?

இங்கே நர்சிங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் 1838-லேயே தொடங்கியது. 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த டாக்டர் சோமர்வெல் மலையை விட்டு அங்கே வந்து பல வருடம் அறுவை சிகிச்சை செய்தார். வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் நம் மாவட்டம்தான் முதலிடம், 91.75 சதவீதம். படித்த பெண்கள், பழகிய தொழில், பக்கத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். போகாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் போகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால், எல்லோரும் பணத்தை மட்டும் சொல்வதில்லை. "அங்க என்னை நம்பி முடிவெடுக்க விடுறாங்க சிஸ்டர்" என்கிறார்கள். 1983-ல் அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறையின் நடுவிலும் ஆட்களை இழக்காத 41 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். காந்தம் போல இழுப்பவை என்று பெயர் வைத்தார்கள். நர்ஸின் சொல்லுக்கு மதிப்பு, வார்டு அளவில் முடிவெடுக்கும் உரிமை, மேலே படிக்க வாய்ப்பு, கூட நிற்கும் தலைமை. அங்கே கண்டவை இவைதான். இதில் எதற்கு விசா வேண்டும்?

ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பூட்டி வைத்து ஆளை நிறுத்துவது இதன் நேர் எதிர். உடம்பு அங்கே இருக்கும், மனம் வெளிநாடு போக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வகுப்பில் இருக்கும்.

யோகா வகுப்பு, மன அழுத்தப் பயிற்சி வைத்தால் போதாதா?

டூட்டி நேரத்துக்குள் வையுங்கள். ஆஃப் அன்று வரச் சொல்லாதீர்கள்.

சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் அழுகிறேன். இந்த வேலை எனக்கு ஒத்துவராதா?

மூன்று மாதத்தில் அதைச் சொல்ல முடியாது, மகளே. கல்லூரியில் ஒரு பேஷண்டுக்கு ஒரு கேர் பிளான் எழுதினாய், இங்கே பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். அதிர்ச்சி இயல்புதான். உன்னை நான் ஒன்றுதான் கேட்பேன்: சந்தேகம் வந்தால் கேட்க உனக்கு ஒரு ஆள் இருக்கிறாரா? திட்டாமல் சொல்லித் தரும் ஒரு அக்காவோ சேச்சியோ ஷிப்டில் இருந்தால் ஆறாவது மாதம் நீ வேறு ஆளாக இருப்பாய். அப்படி யாரும் இல்லை என்றால், "முதல் இரண்டு மாதம் என்னை ஒரே சீனியரோடு போடுங்க" என்று இன்சார்ஜிடம் கேள். நிர்வாகத்துக்கு இதில் ஒரு பைசா செலவு இல்லை. புதியவர்களைச் சேர்ந்த வாரமே தனியாக நைட் போடும் இடங்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

நான் ஆண் நர்ஸ். பலம் வேண்டிய வேலைக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

அது தவறு. தூக்குவதற்கு ஆளும் ஸ்ட்ரெச்சரும் ஆஸ்பத்திரி தர வேண்டும். நீங்கள் படித்ததும் அதே படிப்புதான். உங்களுக்கு ட்ரிப் போடும் கேஸும், ஐ.சி.யு. பொறுப்பும், பிள்ளை பிறந்தால் லீவும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஈடுபாடு எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும். என்ன செய்யலாம்?

நான் சொன்ன உட்ரெக்ட் அளவுகோலில் 9 கேள்விகள் மட்டும் உள்ள சுருக்க வடிவமும் உண்டு. தமிழில் தெளிவாகச் சொல்லிப் பெயர் எழுதாமல் வாங்குங்கள். பெயர் கேட்டால் எல்லோரும் ஆறுக்கு ஆறு போடுவார்கள். கையெழுத்து தெரியும் என்று பயப்படுகிற சின்ன ஆஸ்பத்திரியில் டிக் மட்டும் போடச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும் ரிஜிஸ்டர்களைத் திறந்து பாருங்கள். எந்த வார்டில் இருந்து மட்டும் மாற்றம் கேட்டு மனு வருகிறது? எங்கே திடீர் லீவு அதிகம்? ஒரு வருடம் முடியும் முன்பே விட்டுப் போனவர்கள் யாருக்குக் கீழே இருந்தார்கள்? ஒரே இன்சார்ஜ் பெயர் மூன்று தடவை வந்தால், அவரைத் திட்டக் கூப்பிடாதீர்கள். அவருக்கு ஆள் இருந்ததா, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் என்பதற்காக ஒரு நாள் காலையில் இன்சார்ஜ் ஆக்கிவிடுகிறார்கள். ஆட்களை நடத்த யாரும் பயிற்சி தருவதில்லை. எனக்கும் தரவில்லை. முதல் இரண்டு வருடம் நான் நல்ல இன்சார்ஜாக இல்லை. அப்போது என் கீழே இருந்த பிள்ளைகளில் சிலரிடம் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அளந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால், அளக்காததைவிட மோசம். கேட்டதில் ஒரு விஷயத்தையாவது ஒரு மாதத்துக்குள் மாற்றுங்கள்.

ஆதரவே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். உடனே வேலையை விட முடியாது. என்ன செய்ய?

உங்கள் ஷிப்டில் இன்னொருத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சாப்பிடப் போகும்போது நீ பார், நீ போகும்போது நான் பார்க்கிறேன் என்று இரண்டு பேர் பேசிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். தேதி போட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை பேஷண்ட், எத்தனை பேர் டூட்டி, எவ்வளவு நேரம் கூடுதல். ஒரு மாதம் எழுதினால் அது புலம்பலாக இருக்காது, கணக்காக இருக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து அந்தக் கணக்கோடு சூப்பரின்டென்டென்டைப் பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். நைட்டுக்கு மூன்றாவது ஆள், அல்லது எட்டே கால் பஸ்ஸுக்கு விடுவது, எதுவானாலும் ஒன்று மட்டும்.

நாங்கள் அப்படிப் போனபோது ஐந்து பேர். முதல் தடவை "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாவது மாதம் மறுபடி நோட்டோடு போனோம். மூன்றாவது மாதம் நைட் லிஸ்டில் மூன்றாவது பெயர் இருந்தது.